காணாமல் போன கம்ப்ரசன்

குன்றாண்டார்கோவில் பிட்டர் குழந்தைசாமி ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தை பேசுகிறார் என்று அவருடைய மனைவி செங்கமலம் ஒரு தடவை எண்ணிப் பார்த்தாள். விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை இருபத்தாறு வார்த்தை. அதில் ஒன்பது வெறும் "ம்".

சண்டைக் காலத்தில் பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். அசாம் எல்லையில் மழையும் சேறுமாகக் கிடந்த லாரிகளுக்கு அடியில் மூன்று வருஷம் மல்லாந்து படுத்திருந்தார். வண்டிக்கு என்ன என்று அதிகாரி கேட்டால் இரண்டு வார்த்தையில் பதில் வரவேண்டும். மூன்றாவது வார்த்தை சொன்னால் முறைப்பார். பட்டாளம் கலைந்து ஊருக்குத் திரும்பியபோது ஒரு ஸ்பானர் பெட்டியும் அந்தப் பழக்கமும் அவரோடு வந்தன. ஊர்க் கோவில் பாறைக்குப் பின்பக்கம் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டுக்கொண்டார். தண்ணீர் இறைக்கும் இஞ்சின், மாவு அரைக்கும் இஞ்சின், வழியில் நின்றுபோன பஸ் எல்லாம் அவரிடம் வந்தன. யாரிடமும் அவர் ஒரு பொய் சொன்னதில்லை. பொய் சொல்ல நிறைய வார்த்தைகள் வேண்டுமே. அப்படிப்பட்ட மனிதர்தான் ஒரு பிள்ளையின் வாழ்க்கையை ஐந்து வார்த்தையில் கவிழ்க்கப் பார்த்தார்.

1957ஆம் வருஷம் மாசி மாதம். கண்மாய்க் கரை போடும் காண்ட்ராக்டர் அய்யாக்கண்ணுவிடம் ஒரு பழைய பட்டாளத்து ஜீப் இருந்தது. திருச்சி ஏலத்தில் எடுத்தது. அதன் டிரைவர் மதுரைவீரன். ஆடு ஏறுகிற இடமெல்லாம் அந்த ஜீப்பும் ஏறும் என்று ஊரில் பேச்சு. அந்த மாசியில் அது ஏற மறுத்தது. கரையின் பாதி உயரத்தில் பெருமூச்சு விட்டு நின்றுவிடும். மண் சுமக்கும் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து தள்ளுவார்கள். அய்யாக்கண்ணு கீழே இறங்க மாட்டார். அது அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

"ஏன் டிரைவரு, இது ஜீப்பா, ஒங்க வீட்டுப் பசுமாடா? ஏறச் சொன்னா படுக்குது" என்றாள் ஒருத்தி.

"பசுமாடுன்னா பாலாச்சும் கறக்கும்" என்றாள் இன்னொருத்தி.

மதுரைவீரனுக்குக் காது சிவந்தது. அன்று மாலையே ஜீப்பைக் குழந்தைசாமியின் கொட்டகையில் கொண்டுவந்து நிறுத்தினான்.

"அண்ணே, ஏற மாட்டேங்குது."

"ம்."

முன்பக்கம் கைப்பிடியைச் செருகிக் குழந்தைசாமி மெதுவாகச் சுற்றினார். நல்ல இஞ்சின் என்றால் அரைச் சுற்றுக்கு ஒரு தடவை கையை எதிர்த்துத் தள்ளும். இது ஓரிடத்தில் மட்டும் கிணற்று ராட்டினம் போல வழுக்கிக்கொண்டு போனது. அவர் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். மதுரைவீரனைச் சுற்றச் சொல்லிவிட்டு, பிளக் இருந்த ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துப் பார்த்தார். நான்கு சிலிண்டரில் ஒன்றும் நான்கும் விரலை வெடுக்கென்று தள்ளின. இரண்டு சோம்பலாகத் தள்ளியது. மூன்றில் ஒன்றுமே இல்லை. மூச்சு நின்றவனின் மூக்கில் கை வைத்தது போல இருந்தது.

பிறகு இரண்டிலும் மூன்றிலும் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி விரலை வைத்தார். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்திருந்தால் எண்ணெய் அந்த இடுக்கை அடைத்துக்கொள்ளும், மூச்சு திரும்பும். இரண்டுக்குத் திரும்பியது. மூன்றுக்குத் திரும்பவில்லை. அப்படியானால் அங்கே போனது ரிங் மட்டுமல்ல, வால்வும் சரியாக மூடவில்லை. கால் மணி நேரத்தில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பீடிக் கட்டுக் காகிதத்தைத் திருப்பி, அந்த மூச்சுக்குப் பட்டறையில் சொல்லும் பெயரைப் போட்டு எழுதினார்: "2ல் கம்ப்ரசன் கம்மி. 3ல் கம்ப்ரசன் இல்லை."

அந்தச் சீட்டை மதுரைவீரன்தான் தன் கையாலேயே முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்தான்.

அய்யாக்கண்ணு எத்தனை கன அடி மண்ணையும் மனக்கணக்கில் போட்டுவிடுவார். ஆனால் ஒன்று தெரியாது என்று அவர் வாயால் யாரும் கேட்டதில்லை. சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கீரனூருக்குப் பஸ் ஏறினார். அங்கே பாத்திரக் கடையில் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டே, பேச்சுவாக்கில் கேட்பது போலக் கேட்டார்.

"கம்ப்ரசன்னு ஒண்ணு ஜீப்புல இருக்குமே, அதை என்னத்துல செய்வாங்க?"

கடைக்காரர் ஜீப்பின் உள்பக்கத்தைக் கண்டவரில்லை. வந்தவரிடம் தெரியாது என்று சொல்லும் பழக்கமும் அவருக்கு இல்லை.

"வெங்கலங்க. சீமைச் சரக்கு, சுத்த வெங்கலம்."

"நல்ல வெலை போகுமோ?"

"பின்னே? நம்ம கடையில வெங்கலத்துக்கு எப்பவும் மதிப்புத்தான். முந்தாநாளுகூட ஒங்க டிரைவரு வந்து ஒரு வெங்கலப் பானை எடுத்துட்டுப் போனாப்ல. மாசிக் கடைசி வெள்ளிக்கெழமை அவருக்குப் பரிசமாமே."

அய்யாக்கண்ணுவின் கையிலிருந்த சோடா பாதியில் நின்றது. திரும்பி வந்தவர் நேரே குழந்தைசாமியின் கொட்டகைக்குத்தான் போனார்.

"பிட்டரே, மூணுல கம்ப்ரசன் இல்லைன்னு எழுதியிருக்கீங்களே, நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"வண்டி வாங்குனப்ப இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"இப்ப இருக்கா?"

"இல்லை."

"தானாப் போயிருமா?"

வண்டியை எப்படி ஓட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது என்று விளக்க ஆரம்பித்தால் பொழுது போய்விடும். குழந்தைசாமி சுருக்கினார்.

"போகாது."

"புதுசு போட்டுரலாமா?"

அவர் ரிங்கை நினைத்துக்கொண்டு சொன்னார். "போட்டுரலாம்."

எல்லாமே உண்மைதான். எல்லாம் சேர்ந்து மதுரைவீரனைத் திருடனாக்கிவிட்டன. திருச்சிக்கு ஆள் அனுப்பிச் சாமான் வாங்கிக்கொள்ளும்படி சொல்லிவிட்டு அய்யாக்கண்ணு நேரே ஊர் கூடும் மந்தைக்குப் போனார். ஊருக்கு நியாயம் சொல்லும் அம்பலகாரரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். மதுரைவீரன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

"டேய் வீரா, மூணாம் நம்பர்ல இருந்த கம்ப்ரசனை எங்கடா வித்த?"

"எதுங்கய்யா?"

"ரெண்டாம் நம்பர்லயும் பாதியை அறுத்திருக்க. கம்மின்னு பிட்டரு எழுதிக் குடுத்திருக்காரு."

"ஐயா, அது விக்கிற சாமான் இல்லைங்க. கண்ணுக்கே தெரியாதுங்க."

"அதான்டா எனக்குத் தெரியாம வித்திருக்க."

மதுரைவீரன் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். வண்டி ஓட்டத் தெரிந்த அளவுக்கு அவனுக்கு அதை விளக்கத் தெரியவில்லை. பானை வாங்கியது உண்மையா என்று அம்பலகாரர் கேட்டார். உண்மை என்றான். கூட்டத்தில் ஒரு "ஓகோ" எழுந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பொருள் திரும்பி வரவேண்டும், இல்லையென்றால் காண்ட்ராக்டர் போலீசுக்குப் போகலாம் என்று அம்பலகாரர் சொல்லிவிட்டார். சாவி மதுரைவீரன் கையிலிருந்து போனது.

அந்தச் செய்தி மறுநாள் மத்தியான பஸ்ஸிலேயே குடுமியான்மலைக்குப் போய் இறங்கிவிட்டது. பெண்ணின் தகப்பனார் ஆண்டியப்பன் நல்ல மனிதர், ஆனால் மானத்துக்குப் பயந்தவர்.

"வெள்ளிக்கெழமைக்குள்ள பேரு வெளுத்தா வரட்டும். இல்லைன்னா வெத்தலை பாக்கு வேற எடத்துக்குப் போகும்" என்று சொல்லி அனுப்பினார்.

உள்ளே அவர் மகள் அழகம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்ன என்று அவள் ஆத்தா கேட்டதற்கு, அடுப்புப் புகை என்றாள். அடுப்பு இன்னும் பற்ற வைக்கவில்லை. ஆத்தா அதைச் சொல்லிக் காட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் குழந்தைசாமி இஞ்சினின் மேல்மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மதுரைவீரன் வந்து ஒரு டயரின் மேல் உட்கார்ந்தான்.

"அண்ணே, எம் பேரு போச்சுண்ணே."

நடந்ததையெல்லாம் சொன்னான். சொல்லச் சொல்லக் குழந்தைசாமியின் ஸ்பானர் மெதுவாகி, கடைசியில் நின்றேவிட்டது. சோற்றுத் தூக்கோடு வந்த செங்கமலம் வாசலிலேயே நின்று முழுவதையும் கேட்டாள்.

"நான் எழுதுனது சரிதான்" என்றார் குழந்தைசாமி.

"சரிதான். யாரு இல்லைன்னா? தேஞ்சு போச்சு, காத்து ஒழுகுதுன்னு நாலு வார்த்தை கூட எழுதியிருந்தா பென்சிலு கரைஞ்சா போயிரும்? பொண்டாட்டிகிட்டத்தான் பேச மாட்டீங்க, போகட்டும். ஒரு பய வாழ்க்கை போறப்பவாச்சும் வாயைத் தொறக்கக் கூடாதா?"

அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார். எண்ணெய்க் கையை மறந்து கண்ணைத் துடைத்துக்கொண்டதில் முகமெல்லாம் கரியாகிவிட்டது. பட்டாளத்தில் குண்டு விழுந்தபோதுகூடக் கலங்காத மனிதர். ஸ்பானரை மறுபடி கையில் எடுத்தார்.

"வண்டி ஏறட்டும். வண்டியே சொல்லும்."

அதன் பிறகு மூன்று நாளும் கொட்டகையில் திருவிழாதான். வேலை போனவன் மதுரைவீரன், அவனே ஜீப்புக்கு அடியில் படுத்து எண்ணெய்த் தொட்டியைக் கழற்றினான். பிஸ்டன்கள் நான்கும் மேலே வந்தன. பழைய ரிங்குகளை எடுத்துப் பார்த்தால் ஓரம் கத்தி போல் மெலிந்திருந்தது. கண்மாய்க் கரைப் புழுதி காற்றோடு உள்ளே போய் அரைத்த அரைப்பு. புது ரிங்குகள் புதன்கிழமை பஸ்ஸில் வந்தன. குழந்தைசாமி ஒவ்வொன்றையும் சிலிண்டருக்குள் இறக்கி, வளையத்தின் வெட்டு வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று மெல்லிய தகட்டைச் செருகி அளந்து, வேண்டிய இடத்தில் அரம் போட்டார். ஒரு பிஸ்டனில் இருக்கும் ரிங்குகளின் வாய்கள் ஒரே நேர்கோட்டில் வந்தால் காற்று அந்த வழியே ஓடிப்போகும். அவற்றைத் திசைக்கு ஒன்றாகத் திருப்பி வைத்தார்.

வால்வு தேய்ப்பதுதான் பொறுமையான வேலை. வால்வின் ஓரத்தில் மணல் போன்ற பசையைத் தடவி, அதன் தலையில் ரப்பர் மூக்கு வைத்த கம்பை ஒட்டி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து இப்படியும் அப்படியும் உருட்ட வேண்டும். மதுரைவீரன் கைக்கு அந்தப் பதம் வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த செங்கமலம் சேலையைச் செருகிக்கொண்டு வந்துவிட்டாள்.

"தள்ளு தம்பி. நீ கடையிறதுல வெண்ணெய் என்னைக்குத் தெரளப் போகுது?"

தினமும் மோர் கடைகிற கை. கம்பு அவள் உள்ளங்கையில் சத்தமில்லாமல் சுழன்றது. ஒரு மணி நேரத்தில் வால்வின் ஓரத்தில் ஈய நிறத்தில் ஒரு வளையம் விழுந்தது. எங்கும் அறுபடாத முழு வளையம். குழந்தைசாமி வால்வை அதன் இடத்தில் உட்கார வைத்து மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தார். ஒரு சொட்டு கீழே இறங்கவில்லை. அவர் மனைவியை நிமிர்ந்து பார்த்த பார்வையில் கல்யாணமான புதிதில்கூட அத்தனை மரியாதை இருந்திருக்காது.

"பாக்குறதைப் பாரு. சோறு ஆறுது, சாப்பிடுங்க" என்றாள் செங்கமலம்.

வியாழக்கிழமை மத்தியானம் ஜீப் உறுமியது. ஓட்டிப் பார்க்கக் காண்ட்ராக்டரிடம் கேட்டு வாங்கிய சாவியைக் குழந்தைசாமி கொடுக்க, மதுரைவீரன் அவரையும் ஏற்றிக்கொண்டு கண்மாய்க் கரைக்குப் போனான். மண் சுமக்கும் பெண்கள் தள்ளுவதற்காகக் கூடையை இறக்கி வைத்துக் காத்திருந்தார்கள். ஜீப் அவர்களைத் தாண்டி ஒரே மூச்சில் கரை உச்சிக்குப் போய் நின்றது. "பசுமாடு காளையாயிருச்சுடி" என்று ஒருத்தி கத்தினாள். சத்தம் கேட்டு அய்யாக்கண்ணு வந்தார். ஜீப்பை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். முகத்தில் சந்தோஷத்தைக் காணோம்.

"பிட்டரே, இப்ப மூணுல கம்ப்ரசன் இருக்கா?"

"இருக்கு."

"பாத்தீங்களா, அப்ப முன்னாடி இல்லாமப் போனது நெசந்தானே? இந்தப் பய மூணு நாளா எதுக்கு ஒங்க கொட்டகையிலயே கெடந்தான்? வித்த எடத்துலேருந்து திருப்பி வாங்கியாந்து மாட்டிட்டான். பொருள் வந்துருச்சு, போலீசு வேணாம். ஆனா களவு களவுதான். இனிமே எம் பக்கம் வரக் கூடாது."

கேட்ட குழந்தைசாமிக்குத் தலை சுற்றியது. வண்டி பேசும் என்று நம்பினார். வண்டியும் பேசியது. அதையும் அய்யாக்கண்ணு தன் பக்கத்துச் சாட்சியாக ஆக்கிக்கொண்டுவிட்டார். மதுரைவீரன் ஜீப்பிலிருந்து இறங்கினான். கரையோரத்தில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் பரிசம்.

வெள்ளிக்கிழமை காலையில் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. பிட்டர் குழந்தைசாமி தானாகவே போய் அம்பலகாரரைக் கூப்பிட்டார். காண்ட்ராக்டரையும் கூப்பிட்டார். ஜீப்பை மந்தைக்குக் கொண்டுவந்து நிறுத்தி, அதன் அடியில் செங்கமலத்தின் வெளுத்த சேலை ஒன்றை விரித்தார். சட்டையைக் கழற்றி அம்பலகாரரின் மடியில் வைத்தார். இரண்டு கையையும் விரித்து எல்லோருக்கும் காட்டினார்.

"என்னப்பா, மோடி மஸ்தான் வேலையெல்லாம் ஆரம்பிச்சுட்ட?" என்றார் அம்பலகாரர்.

மூன்றாம் நம்பர் பிளக்கைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டுக் குழந்தைசாமி அய்யாக்கண்ணுவின் பக்கம் திரும்பினார்.

"இங்கிட்டு வாங்க. கட்டைவெரலை இந்த ஓட்டையில வச்சு அமுக்குங்க. வீரா, சுத்து."

மதுரைவீரன் கைப்பிடியைச் சுற்றினான். அய்யாக்கண்ணு கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"என்னய்யா இது, கடிக்குது."

கூட்டம் சிரித்தது.

"அதான் கம்ப்ரசன்" என்றார் குழந்தைசாமி.

பிறகு இஞ்சினின் பக்கவாட்டு மூடியைத் திறந்தார். மூன்றாம் நம்பர் வால்வுக்குக் கீழே இருந்த ஒரு சின்னத் திருகை இரண்டு ஸ்பானரால் பிடித்து ஒரு சுற்றுத் திருப்பினார். வால்வு ஒரு வைக்கோல் கனம் மேலே தூக்கி நின்றது. மூட முடியாமல் போயிற்று. அவ்வளவுதான் செய்தார்.

"மறுபடி வைங்க."

அய்யாக்கண்ணு பயந்து பயந்து விரலை வைத்தார். மதுரைவீரன் சுற்றினான். மறுபடி சுற்றினான்.

"கடிக்கலை" என்றார் அய்யாக்கண்ணு. குரல் இறங்கியிருந்தது.

"இப்ப எடுத்தது யாருங்க? அம்பலகாரரே, சேலையில ஏதாச்சும் விழுந்திருக்கா?"

அம்பலகாரர் குனிந்து பார்த்தார். சேலையில் ஒன்றுமில்லை. குழந்தைசாமி திருகைப் பழையபடி வைத்தார். காண்ட்ராக்டர் இந்தத் தடவை தானாகவே விரலை வைத்தார். மறுபடி கடித்தது. அப்போது குழந்தைசாமி பேச ஆரம்பித்தார்.

"அது சாமான் இல்லைங்க. உள்ள அடைபடுற காத்து. அடைச்சு வைக்கிற எடம் தேஞ்சா காத்து ஓடிப்போயிரும். தேச்சது ஒங்க கரை மண்ணு. இந்தப் புள்ள இல்லை. இல்லைன்னு ஒத்தை வார்த்தை எழுதினேன் பாருங்க, அது என் தப்பு. நீங்க வந்து கேட்டப்ப வெவரம் சொல்லாதது அதைவிடப் பெரிய தப்பு. நாலு பேரு முன்னாடி அவன் பேரைக் கெடுத்தாச்சு, அதனால நாலு பேரு முன்னாடியே கேக்குறேன். வீரா, என்னைய மன்னிச்சிரு."

மதுரைவீரனுக்கு அழுகை வந்துவிட்டது. "விடுங்கண்ணே" என்று கைப்பிடியைக் கட்டிக்கொண்டு நின்றான். செங்கமலம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்று யாருக்கும் தெரியவில்லை.

அய்யாக்கண்ணு தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் காத்தையா வித்துட்டான்னு சொன்னேன்?"

"அதுல பாதியை வேற அறுத்துட்டான்னு சொன்னியேப்பா" என்றார் அம்பலகாரர். "எந்த அருவாளைக் கொண்டு அறுத்தான்னுதான் எனக்கு வெளங்கலை."

மந்தையே உருண்டு சிரித்தது. அய்யாக்கண்ணு முறைத்துப் பார்த்தார். பிறகு அவருக்கும் உதடு துடித்து, அடக்க முடியாமல் சிரிப்பு வெடித்துவிட்டது. தெரியாததைத் தெரியாது என்று ஊரறிய ஒத்துக்கொண்டது அவருக்கு அதுதான் முதல் தடவை. சிரித்து முடித்ததும் ஜீப்பிலிருந்து சாவியை எடுத்து மதுரைவீரனிடம் நீட்டினார்.

"ஏறுடா. குடுமியான்மலைக்கு விடு. பிட்டரே, நீங்களும் வாங்க. அந்தம்மாவையும் கூட்டிக்கங்க."

குடுமியான்மலை போய்ச் சேர வெயில் ஏறிவிட்டது. ஆண்டியப்பன் வீட்டு வாசலில் கோலம் இல்லை. அவர் வெளியே வந்து நின்றார்.

"ஆண்டியப்பரே, ஒங்க மாப்பிள்ளை மேல நான் சொன்னது தப்பு. நானே வந்து சொல்றேன்" என்றார் அய்யாக்கண்ணு.

"போன வாரம் எடுத்தான்னீங்க. இந்த வாரம் இல்லைங்கிறீங்க. காண்ட்ராக்டரு பேச்சுல நான் எதை நம்புறது?"

"என் பேச்சை நம்பாதீங்க. இங்க வந்து வெரலை வைங்க."

இஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது. ஆறட்டும் என்று குழந்தைசாமி கையைக் காட்டினார். முகூர்த்தத்துக்குக் காத்திருப்பது போல எல்லோரும் ஜீப்பைச் சுற்றி நின்றார்கள். அடுத்த வீட்டுக்காரர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். இஞ்சின் ஆற அரை மணி நேரம் ஆனது. கடைசியில் பிளக்கைக் கழற்றினார்கள். ஆண்டியப்பன் தன் வெள்ளை வேட்டியைப் பார்த்தார், கரி படிந்த ஓட்டையைப் பார்த்தார், தயங்கினார்.

கதவுக்குப் பின்னாலிருந்து அழகம்மாள் வெளியே வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. நேரே ஜீப்பிடம் வந்து, "எந்த ஓட்டை?" என்றாள். குழந்தைசாமி காட்டினார். விரலை வைத்து அழுத்தினாள். மதுரைவீரன் தலையைக் குனிந்துகொண்டு கைப்பிடியைச் சுற்றினான்.

விரல் துள்ளி எழுந்தது. அவள் விடவில்லை. திரும்பவும் வைத்தாள். திரும்பவும் துள்ளியது. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"இதையாப்பா திருடுனாங்கன்னு சொன்னீங்க? இதைப் புடிச்சே வைக்க முடியலை."

ஆண்டியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து தானும் விரலை வைத்தார். துள்ளிய விரலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற பெண்களிடம் கோல மாவு எடுத்து வரச் சொன்னார்.

நடந்தது எதுவும் மதுரைவீரனுக்குத் தெரியவில்லை. தலை நிமிராமல், வியர்வை ஒழுக, இன்னும் சுற்றிக்கொண்டே இருந்தான். ஆண்டியப்பன் போய் அவன் தோளைத் தொட்டார்.

"போதும், விடுங்க மாப்பிள்ளை. கையைக் கழுவிட்டு உள்ள வாங்க."